எலிகளுக்கு நான் விட்ட தீர்த்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடம் யோசித்துவிட்டேன். மூன்று முறை நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, ஒரு பக்கம் எழுதி, அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். பயம்தான் காரணம். வேலையில் இருந்தவரை வேலை போய்விடுமோ என்று பயம். ஓய்வு பெற்ற பிறகு, கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம். எழுதும்போது என்னையும் அறியாமல் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேனோ என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிது.

போன மாதம் எங்கள் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "காஞ்சிபுரம் ஆய்வுக்கூடத்தில் நடந்த அதிசயம்! கோயில் தீர்த்தம் கொடுத்த எலிகளைக் கிருமி விஷம் ஒன்றும் செய்யவில்லை!" கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். மறுநாள் அதே குழுவில் இன்னொருவர் போட்டார்: "உண்மை வேறு. கோயில் தீர்த்தம் விஷம் என்று அங்கே நிரூபித்துவிட்டார்கள்." அதற்கும் கைதட்டல். இரண்டையும் படித்தேன். அந்த எலிகளுக்குத் தீர்த்தம் விட்டவன் நான்தான்.

என் பெயர் தாண்டவமூர்த்தி. தறி ஓடுகிற தெருவில் பிறந்தவன். பத்தாவது வரை படித்தேன், கணக்கில் தவறிவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் சில வருடம் முயல், பிறகு வெள்ளை எலி, அதன்பின் பதினான்கு வருடம் கறுப்பு எலி. கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர்ப் பாட்டிலை ஆவியில் வேகவைப்பது, செத்ததை எடுத்து எழுதி வைப்பது. இவ்வளவுதான் நான் கற்றுக்கொண்ட தொழில்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அவர் மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே பயம் அதிகம். ஏதாவது தப்பு நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார். நாம் எதையாவது சொல்லுவோம். அதே கேள்வியை, ஒரு வார்த்தைகூட மாறாமல், மறுபடி கேட்பார். மூன்றாவது தடவையும் கேட்டால் நம் வாயில் இருப்பது தானாக வந்துவிடும். அதற்கும் மேலே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. "சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்பார். செய்ததை அவர் கண் முன்னால் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டும்.

கறுப்பு எலி அறைக்கு என்னை மாற்றிய முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தாண்டவம், உள்ள வரும்போது நெத்தியில திருநீறு வேணாம். சாமி மேல கோபம் இல்ல. தூள் பறக்கும், அவ்வளவுதான். பூ வேணாம், சாம்பிராணி வாசனை ஒட்டின சட்டை வேணாம்."

"சரிங்க மேடம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் பூசிய திருநீற்றை வாசல் குழாயடியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே போவேன். வெளியே வந்ததும் மடித்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து மறுபடி பூசிக்கொள்வேன். துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். உயிர்களைக் கொல்லுகிற அறைக்குள், சாமியைத் துடைத்துவிட்டுப் போகிறோமே என்று.

அந்த அறையில் என்ன வேலை நடந்தது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சில வகைக் கிருமிகள் தங்கள் மேல்தோலிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகளை உதிர்த்துக்கொண்டே இருக்குமாம். வெசிகிள் என்று சொல்வார்கள். கிருமியையே பிடித்து நிறுத்திவிடும் வடிகட்டியில்கூட இந்தக் குமிழி நழுவிப் போய்விடும், அவ்வளவு பொடி. அதில் உயிர் கிடையாது. ஆனால் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் நுரையீரல் வீங்கிச் சீறும்.

"உயிரே இல்லன்னா அது எப்படி மேடம் வீங்க வைக்கும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்க அப்பா நெசவுதானே? பாவு மேல விரலை ஓட்டினா இழை அறுந்தது அவருக்குத் தெரியும் இல்ல? கண்ணால பார்க்கவே வேணாம்."

"ஆமாங்க."

"நம்ம நுரையீரல்ல இருக்கிற செல்லுக்கும் வெளியில அப்படி ஒரு விரல் இருக்குது. ரிசெப்டர்னு பேரு. கிருமியோட தோல் பட்டா அதுக்குத் தெரிஞ்சுடும். உடனே கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிடும். கிருமி உயிரோட வந்துச்சா, வெறும் தோல் வந்துச்சான்னு அது பார்க்காது. வர்ற ஆளுங்க பண்ற ரகளையிலதான் நுரையீரல் கெடுது."

எங்கள் அறையில் இரண்டு ஜாதி எலிகள் இருந்தன. பார்க்க ஒன்றே போல் கறுப்பு. ஒரு ஜாதிக்கு அந்த விரல் உண்டு. இன்னொரு ஜாதிக்குப் பிறவியிலேயே அந்த விரல் கிடையாது. வெளியூரிலிருந்து பெட்டியில் வந்தவை. இரண்டு ஜாதியிலும் பாதிக்குக் குமிழி கலந்த நீர், பாதிக்கு வெறும் உப்புநீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம், மூக்கில் விட வேண்டும். பிறகு அவற்றைக் கொன்று, நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு அலசி எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல நுரையீரலின் அலசல் தெளிவாக இருக்கும். வீங்கினதின் அலசல் கலங்கி இருக்கும்.

இந்த வேலை முழுக்க நஸ்ரின் என்கிற ஆராய்ச்சி மாணவியுடையது. ஜரிகை வியாபாரம் செய்கிற சலாம் பாயின் மகள். கிருமியை வளர்ப்பது, வடிகட்டுவது, குமிழியைப் பிரிப்பது, அதில் உயிருள்ள கிருமி ஒன்றும் இல்லை என்று தட்டில் வளர்த்துப் பார்ப்பது எல்லாம் அவள்தான். கை அவ்வளவு சுத்தம். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"தாண்டவண்ணா, உங்க எலிங்க என்னைப் பார்த்தா மாமியாரைப் பார்த்த மருமக மாதிரி மூலைக்கு ஓடுதுங்க."

"நீ மூக்குல ஊத்துற. நான் சோறு போடறேன். யார்கிட்டமா வரும்?"

"அப்ப நாளைக்கு நான் சோறு போடறேன், நீங்க ஊத்துங்க. அப்பவாவது பாசம் யாருக்குன்னு தெரியட்டும்."

அவள் எலிக்கு லேசான மயக்கம் கொடுப்பாள். இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்து மூக்குத் துளையில் சொட்டு விடுவாள். எலி அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு என் கையில் கொடுப்பாள். நான் பக்கத்து மேசையில் வெதுவெதுப்பான துணிமேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, கண் விழிக்கும்வரை பார்த்திருந்து கூண்டில் விடுவேன். மேடம் சொல்லிக் கொடுத்த முறை இது.

முதல் சுற்று சரியாக முடிந்தது. குமிழி போன எலிகளில் விரல் உள்ளவற்றின் அலசல் மோர் மாதிரி கலங்கியிருந்தது. விரல் இல்லாதவற்றில் கலக்கம் மிகக் குறைவு. உப்புநீர் எலிகள் எல்லாம் தெளிவு. மேடம் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. "இன்னொரு சுற்று இதேபோல வந்துட்டா நஸ்ரின் எழுத உட்கார்ந்துடலாம்" என்றார்.

அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில் என் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். காலை பத்தரை மணி. நான் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி விசாலம் கடைக்குப் போயிருந்தாள். வாயில் ஒரு சொட்டுத் தீர்த்தம் விட ஆள் இல்லாமல் போய்விட்டது. காரியம் எல்லாம் குறையில்லாமல் செய்தேன். அந்த ஒரு சொட்டு மட்டும் மனசிலிருந்து இறங்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நஸ்ரின் மயங்கிய எலியை என் கையில் வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எப்படியும் சாகப்போகிற உயிர். என் அம்மாவின் வாய்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருக் கோயில் அபிஷேகத் தீர்த்தம் ஒரு பாட்டில் வில்வத்தோடு வீட்டில் வைத்திருப்பேன். அடுத்த முறை சொட்டு விடும் நாளிலிருந்து அதில் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, கண் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் ஊற்றி எடுத்துப் போனேன். கொதிக்க வைத்ததை அழுத்திச் சொல்கிறேன். இத்தனை வருடம் அந்தக் கூடத்தில் இருந்தவன் நான். கிருமி போய்விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தூள் கூடாது என்றார்கள், பூ கூடாது என்றார்கள், புகை கூடாது என்றார்கள். தண்ணீர் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டபோதே, நஸ்ரின் முதுகைத் திருப்பும் நேரம் பார்த்துத்தான் பாட்டிலை எடுத்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

மயங்கிப் படுத்திருக்கும் எலியின் வாயோரம் ஒரு சொட்டு. அது மூக்கிலும் பட்டு மூச்சோடு உள்ளே போகும். அடுத்த எலி. அதற்கும் ஒரு சொட்டு. என் வாய்க்குள் பஞ்சாட்சரம். மூன்று வாரமும் ஒரு எலியைக்கூட விடவில்லை.

இரண்டாம் சுற்றின் அலசல் நாள் வந்தது. நஸ்ரின் முதல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரல் உள்ள ஜாதியில் வெறும் உப்புநீர் போன எலி அது. தெளிவாக இருக்க வேண்டியது. கலங்கியிருந்தது. இரண்டாவதும் கலங்கல். மூன்றாவதும். ஐந்தாவது குழாயில் அவள் பேச்சு நின்றுவிட்டது.

மேடம் வந்தார். குழாய்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உப்புநீர் கூண்டுக்கு என்ன போச்சு?"

"உப்புநீர்தான் மேடம்."

"உப்புநீர் கூண்டுக்கு என்ன போச்சு?"

"உப்புநீர்... மேடம், நானே கலக்கினது."

மூன்றாவது தடவை அவர் கேட்டபோது நஸ்ரின் அழுதுவிட்டாள். என் சட்டைப் பையில் அந்தக் கண் மருந்து பாட்டில் இருந்தது. அது நெருப்புத் துண்டு மாதிரி சுட்டது.

அடுத்த பதினோரு நாட்களை என்னால் மறக்க முடியாது. மேடம் ஒவ்வொன்றாகச் சோதித்தார். உப்புநீர் பாட்டில் சுத்தம். குடிக்கும் தண்ணீர் சுத்தம். உமி சுத்தம். காற்று வரும் குழாய் சுத்தம். விரல் இல்லாத ஜாதியில் உப்புநீர் போனவற்றின் அலசல் தெளிவாகவே இருந்தது. அதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். என்னையும் நஸ்ரினையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"எல்லா எலிக்குள்ளயும் ஏதோ போயிருக்குது. யாருக்கு விரல் இருக்குதோ அதோட நுரையீரல் மட்டும் கலங்கியிருக்குது. ஆக, போனது கிருமியோட தோல்தான். அந்தக் குமிழி இந்த அறையில ஒரே ஒரு இடத்துலதான் இருக்குது. நஸ்ரின் கையில."

அதாவது குமிழி எடுத்த சொட்டுக்குழாயின் முனையாலேயே உப்புநீரையும் எடுத்துவிட்டாள், கை கவனமில்லை என்று பொருள். நஸ்ரின் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடும், அவளைத் தொடரவிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் என்று பேச்சு வந்தது. இரண்டு வருட வேலை. தொடரவிடாவிட்டால் வீட்டில் காத்திருக்கிற மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் என்று அவளே முன்பு சிரித்துக்கொண்டு சொன்னது எனக்கு நினைவிருந்தது.

எனக்கு இருந்த ஒரே பிடிமானம், நான் கொதிக்க வைத்தேன் என்பது. கொதித்த தண்ணீரில் கிருமி ஏது? அப்படியானால் காரணம் நான் இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் செய்தது தப்பு. சொன்னால் வேலை போகும், காரணமும் அதுவாக இருக்காது, எதற்கு வீணாக? இப்படியே மனசைக் கட்டி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மேடம் இருவரையும் எலி அறைக்கு வரச் சொன்னார். "சொல்ல வேணாம். முதல்லேர்ந்து செஞ்சு காட்டுங்க." நஸ்ரின் செய்தாள். முனை மாற்றினாள், கையுறை மாற்றினாள், சொட்டு விட்டாள். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. எலியை என்னிடம் கொடுத்தாள். நான் துணிமேல் படுக்க வைத்தேன். அப்போது என் வலது கை, நான் சொல்லாமலேயே, சட்டைப் பைக்குப் போய்விட்டது. மூன்று வாரப் பழக்கம். எறிய மனசு வராமல் பையிலேயே வைத்திருந்த பாட்டிலின் மூடி விரலில் பட்ட பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. கையை இழுத்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

மேடம் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்த அறை எப்போதும் குளிராக இருக்கும். வியர்க்க வழியே இல்லை.

"சரி, போங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர்ப் பாட்டில்களை ஆவிக் கலத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் மேடத்திடம் கேட்பது காதில் விழுந்தது.

"மேடம், நான் இனிமே உப்புநீரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கொதிக்க வெச்சுட்டா?"

"கொதிக்க வெச்சா கிருமி சாகும்மா. அது உதிர்த்த தோல் சாகாது. அதுல சாகறதுக்கு உயிரே இல்லையே. நிறைய கிருமி வளர்ந்த தண்ணியா இருந்தா, கொதிச்ச பிறகும் அவ்வளவு தோலும் அதுக்குள்ளதான் இருக்கும். விரலுக்கு அது போதும்."

என் கையில் இருந்த பாட்டில் நழுவி உடைந்தது. மாதக்கணக்கில் வில்வம் ஊறிக் கிடந்த என் வீட்டுப் பாட்டில் கண்ணுக்குள் வந்தது. அடியில் வழவழவென்று ஒரு படிவு இருக்கும். புனிதம் என்று நினைத்து நான் அதைக் கழுவியதே இல்லை. அதில் கோயிலின் தப்பு ஒன்றும் கிடையாது. அங்கே வாங்கிய தண்ணீரை அப்படி வைத்திருந்தவன் நான்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தேன். விசாலத்திடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"நீ சாமிக்கு பயப்படறியா, மேடத்துக்கு பயப்படறியா? ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிக்க. ரெண்டு பேருக்கும் பயந்துக்கினு அந்தப் பொண்ண மாட்டி விட்டுடாத."

"வேலை போயிடும் விசாலம்."

"போனா போவுது. நாளைக்கு நீ கோயில்ல கைநீட்டி எதை வாங்கிக் குடிப்ப?"

அப்படியும் சனிக்கிழமை போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. மேடத்தின் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். திங்கள் காலை வாசல் குழாயடியில் திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சலாம் பாய். எங்கள் அப்பாவுக்கு ஜரிகை கொடுத்த குடும்பம். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"தாண்டவம், எம்பொண்ணு கை சுத்தமில்லன்னு இன்னிக்கு மீட்டிங் போட்டுக்கினு இருக்காங்களாமே. நெசமா?"

நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"அஞ்சு வேளை தொழுகைக்குக் கழுவுற கைபா அது. ஒரு வாரமா ஸ்பூன்ல சாப்புட்றா. ஏம்மா இன்னா ஆச்சுன்னு கேட்டா, என் கை மேல எனக்கே நம்பிக்க இல்ல அத்தா, அப்டின்னு சொல்றா. நீ கூடவே இருக்கிறவன். நீ சொல்லு. அவ கை தப்பு செஞ்சுதா?"

"இல்ல பாய்" என்றேன். "அவ கை செய்யல."

"அப்ப யார் கை?"

நான் நேராக மேடத்தின் அறைக்கு நடந்தேன். நெற்றியில் பாதித் திருநீறு துடைக்காமல் இருந்தது, அதுகூட எனக்குத் தெரியவில்லை. மேடத்தின் மேசைமேல் அந்தக் கண் மருந்து பாட்டிலை வைத்தேன்.

"என்ன இது?"

"தீர்த்தம் மேடம். எலிங்களுக்கு விட்டேன். சாவறதுக்கு முன்னாடி."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"எத்தனை சொட்டு?"

"ஒரு சொட்டு மேடம்."

"எந்த எலிக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும். ரெண்டு ஜாதிக்கும்."

"முதல் சுற்றுலயுமா?"

"இல்ல மேடம். ரெண்டாவதுல மட்டும்."

"எங்கயும் போகாதீங்க. இங்கேயே உட்காருங்க." குழுக் கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளச் சொல்லித் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசினார். நஸ்ரினைக் கூப்பிட்டார். மூன்று சிறிய குழாய்களில் ஒரு மருந்தை ஊற்ற வைத்தார். ஒன்றில் சுத்த நீர், ஒன்றில் தெரிந்த கிருமித் தோல், ஒன்றில் என் தீர்த்தம். வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கிருமித் தோல் இருந்தால் தயிர் போல உறைந்துவிடும், குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. இல்லாவிட்டால் தண்ணீராகவே ஓடிவிடும்.

அந்த ஒரு மணி நேரமும் தொட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். உறையக் கூடாது என்று என் மனசு வேண்டியது. உறைந்தால்தான் அந்தப் பெண் தப்பிப்பாள் என்று தெரிந்தும், உறையக் கூடாது, உறையக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேண்டுதல்களில் இதைவிட அசிங்கமானது வேறு கிடையாது. இதை மறைத்துவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன்?

மேடம் முதல் குழாயைக் கவிழ்த்தார். ஓடியது. இரண்டாவது ஓடவில்லை. மூன்றாவதை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"செஞ்சு காட்டுங்க."

கவிழ்த்தேன். விழவில்லை. கையை உதறினேன். அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைத்தான் பார்த்தாள்.

குழுவில் மேடம் உண்மையை உள்ளபடி சொன்னார். நஸ்ரின் தொடரலாம் என்று ஆயிற்று. எனக்கு மெமோ வந்தது. விலங்கு அறையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் இரண்டாம் சுற்று முழுவதும் செல்லாது என்றார்கள். மறுபடி அதே அளவு எலி, மறுபடி மூன்று வாரம், மறுபடி கொல்ல வேண்டும். பாவம் ஒட்டாமல் இருக்கத்தான் நான் அந்தச் சொட்டை விட்டேன். அதனாலேயே இன்னொரு அறை நிறைய உயிர் போயிற்று. இதற்கு எந்தக் கோயிலில் போய் என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிரதோஷம்தோறும் போகிறேன். நந்தியின் காதில் மட்டும் இதைச் சொல்லுகிறேன்.

அந்த வாரமே மேடம் ஆய்வு நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க செஞ்சதை உங்க கையால எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

எழுதினேன். "மயக்கத்தில் இருந்த ஒவ்வொரு எலிக்கும் ஒரு சொட்டு." மறுநாள் பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தது. சில எலிகளுக்கு முதல் சொட்டு வழிந்து போய்விட்டது என்று இன்னொன்று விட்டிருக்கிறேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அழிப்பானை எடுக்கப் போன என் கையை மேடம் தடுத்தார்.

"அழிக்காதீங்க. ஒரு கோடு மட்டும் போடுங்க. கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"மேடம், அந்த விரல் இல்லாத எலிங்களுக்குத் தீர்த்தம் ஒண்ணும் பண்ணலையே. அது..." என்று இழுத்தேன். உள்ளுக்குள் ஓர் ஆசை, சாமி அவற்றையாவது காப்பாற்றினார் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று.

"அதுங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். நாளைக்கு உயிருள்ள கிருமி வந்தாலும் தெரியாது. அப்ப முதல்ல சாகறது அதுங்கதான். நடந்ததை மட்டும் எழுதுங்க தாண்டவம்."

குழு கூடிய மறுநாள் மதியமே நஸ்ரின் டப்பாவைத் திறந்து கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பாத்திர அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனால் என்னோடு ஐந்து மாதம் பேசவில்லை. ஆய்வு முடித்துப் பட்டம் வாங்கிப் போகிற அன்று என்னிடம் வந்தாள். இனிப்பு கொடுத்தாள்.

"அண்ணா, தண்ணி விட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எங்க வீட்லயும் சாவறவங்க வாயில மெக்காவுலேர்ந்து வர்ற ஜம்ஜம் தண்ணி விடுவோம். ஆனா பதினோரு நாள் நான் என் கையையே சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். நீங்க பக்கத்துலயே நின்னு எனக்கு கிளவுஸ் எடுத்துக் குடுத்துக்கினு இருந்தீங்க. அதான்ணா."

அவள் போகும்வரை இனிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் காலையில் கோயிலுக்குப் போகிறேன். தீர்த்தத்துக்குக் கை நீட்டுகிறேன், குடிக்கிறேன். அதன்மேல் எனக்குப் பயம் கிடையாது. உள்ளங்கையை மட்டும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பேன். அர்ச்சகர் எனக்கு வயசாகிக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

வாட்ஸ்அப்பில் அந்த இரண்டு செய்தியையும் அனுப்பியவர்களுக்கும், அவற்றை நம்பிக் கைகூப்பினவர்களுக்கும் கைதட்டினவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். எங்கள் தெருக் கோயில் தீர்த்தம் விஷமில்லை. அதைப் பாசி பிடிக்க வைத்திருந்தவன் நான். எலிகளை அது காப்பாற்றவும் இல்லை. சிலவற்றுக்கு விரல் இல்லை, அவ்வளவுதான். கலங்கினவற்றுக்கும் கலங்காதவற்றுக்கும் ஒரே பாட்டிலிலிருந்துதான் விட்டேன். பதினோரு நாள் வாய் திறக்காமல் இருந்தேன். உறையக் கூடாது என்று வேண்டினேன்.

இதை யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க எதையும் எடுத்துவிட வேண்டாம், சாமியைப் பெரிதாக்க எதையும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு எலிக்கும் ஒரு சொட்டு. சிலவற்றுக்கு இரண்டு. அந்தச் சொட்டைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.